அடித்தால்தான் கொடுமையா?

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் நாம் ஒரு கோரிக்கை வைத்தோம். பெரிய கோரிக்கை ஒன்றுமல்ல. ஆண்டுதோறும் குடும்ப விழாவன்று மாலையில் நம் சங்கம் ஒரு படம் காட்டுகிறதே, அந்த இடத்தில் இந்த ஆண்டு ‘தி கிரேட் இண்டியன் கிச்சன்’ படத்தின் தமிழ்ப் பதிப்பைக் காட்டுவோம். படம் முடிந்ததும் அரைமணி நேரம் பெண்கள் பேசட்டும், ஆண்கள் கேட்கட்டும் என்றோம். அவ்வளவுதான்! வைக்கோற் போரில் தீப்பொறி விழுந்தது போல் ஆகிவிட்டது கூட்டம்.

“என்னவே, பிழைக்க வந்த இடத்துல பொம்பளையளத் தூண்டி விடவா சங்கம் வச்சிருக்கோம்?” என்றார் சாலைக் கடைவீதியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர். “அது மலையாளத்துக்காரங்க வீட்டுக் கதை தம்பி, நம்ம வீட்டுல அப்படியெல்லாம் கிடையாது” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “இப்பம் யாரு அண்ணாச்சி பொண்டாட்டிய அடிக்கான்? அடிச்ச காலமெல்லாம் போச்சே!” கோரிக்கை ஓட்டெடுப்புக்கே வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைத்தார்கள்.

மூன்று பேருமே நமக்கு வேண்டியவர்கள். சங்கத்துக்காக வெயிலிலும் மழையிலும் அலைந்தவர்கள். ஆயினும் பதில் சொல்லாமல் விட முடியாது. முதலில் அந்த மூன்றாமவருக்கு.

டிக்கெட் சன்னலுக்குப் பின்னால் இருபது ஆண்டு உட்கார்ந்தவனுக்குக் குடும்பங்களின் வரவு செலவு ஓரளவு தெரியும். ஒருநாள் விடியற்காலை, ஆறு வயதுப் பிள்ளையும் ஒரு துணிப்பையுமாக ஒரு தங்கை வந்து நின்றாள். திருநெல்வேலிக்கு ஒன்றரை டிக்கெட். சில்லறையைக் கொட்டி எண்ணினாள், போதவில்லை. மறுபடி எண்ணினாள். மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி, தரை துடைத்து, துணி அலசுகிறவள். மாதம் முழுக்க உழைக்கிற உன் கையில் டிக்கெட்டுக்குக் காசில்லையா அம்மா என்று கேட்டோம். அவள் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. “மூணு வீட்டுக்காரவுகளும் அவிய போனுக்குத்தான் கூகுள் பே போடுவாவ அண்ணே. எனக்கு போன் கிடையாது. கேட்டா அவிய தருவாவ, எதுக்குன்னு சொல்லணும்.” பிறகு நாம் கேட்காமலேயே அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: “அடிக்கெல்லாம் மாட்டாவ. நல்ல மனுசந்தான்.”

குறைந்த காசைப் போட்டு டிக்கெட்டைக் கொடுத்தோம். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரிசை கூச்சல் போட்டது. வண்டி வரும் நேரம். அவளுக்கு வேறு வழி உண்டா, அவள் நிலைமைக்குப் பெயர் உண்டா என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் அனுப்பிவைத்தோம். சங்கம் நடத்துகிறோம், மேடையில் பேசுகிறோம், அந்த ஐந்து நிமிடத்தில் நாக்கு எழவில்லை!

அவள் முதுகில் தடம் இல்லை. கன்னத்தில் வீக்கம் இல்லை. அவள் உழைத்த காசு அவளுடையது இல்லை, அவ்வளவே. இதற்குப் பெயர் என்ன, நண்பர்களே?

பெயர் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம், கொடுமையை நான்கு வகையாகச் சொல்கிறது. உடலை வருத்துவது, பாலியல் கொடுமை, வாயாலும் மனத்தாலும் வதைப்பது, பொருளாதாரக் கொடுமை. பெண் சம்பாதித்த பணத்தையும் நகையையும் அவள் கைக்கு எட்டாமல் வைப்பது நான்காவது வகைக்குள் நேராக விழுகிறது. பிள்ளை இல்லை என்று இடித்துப் பேசுவது, ஆண்பிள்ளை இல்லை என்று குத்துவது, அவளுக்கு வேண்டியவர்களைத் துன்புறுத்துவேன் என்று மிரட்டுவது எல்லாம் மூன்றாவது வகை. 2022 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில், மனைவியை ஓயாமல் மற்றப் பெண்களோடு ஒப்பிட்டு நீ லாயக்கில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பதும் மனக்கொடுமைதான் என்று தீர்ப்பளித்தது. சட்டம் வந்து இருபது ஆண்டு ஆகப்போகிறது அல்லது ஆகிவிட்டது என்று விரல் விட்டு எண்ணுகிறோம். நம் தெருவில் இன்னும் “அடிக்க மாட்டான்” என்பதே நற்சான்றுப் பத்திரம்!

பிழைக்க வந்தவர்களிடையே இந்தக் கொடுமைக்குத் தனி வசதி ஒன்று உண்டு. அதை யாரும் எழுதுவதில்லை. மொழிதான் அது. ஆண் வேலைக்குப் போகிறான். ஆறு மாதத்தில் மலையாளம் பேசக் கற்றுக்கொள்கிறான். பெண் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து ஒற்றை அறையில் அடைகிறாள். ரேஷன் கடையில் அவன் பேசுகிறான். ஆஸ்பத்திரியில் அவளுக்கு வயிற்றில் வலி, டாக்டரிடம் பதில் சொல்வது அவன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்து அவன். “அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்று அவன் எல்லோரிடமும் சொல்கிறான். இரண்டு வருஷத்தில் அவளும் அதை நம்பிவிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியோடு நாலு மலையாளச் சொல் பேசிப் பழகினால், “அங்க என்ன பேச்சு?” ஊரில் அம்மாவுக்கு போன் செய்தால், ஸ்பீக்கரில் போட்டுப் பேசு. இதில் எங்கே அடி இருக்கிறது? ஒரு அறைகூட விழாமல் ஒரு மனுஷியைச் சுற்றி நாலு சுவர் எழுப்பிவிடலாம். கதவுக்குப் பூட்டும் வேண்டாம்.

இதைச் சொற்பொழிவில் சொன்னால் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். நாற்காலியில் இருப்பவர் அத்தனை பேரும் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள். சினிமா வேறு மாதிரி வேலை செய்கிறது. இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது, திரையில் இருப்பவன் நம் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான்.

இங்கிலாந்தில் 1938-இல் பாட்ரிக் ஹாமில்டன் என்பவர் ஒரு நாடகம் எழுதினார். அதை 1944-இல் அமெரிக்காவில் ‘காஸ்லைட்’ என்று படமாக எடுத்தார்கள். இங்க்ரிட் பெர்க்மன் நடித்தார். அதில் கணவன் மனைவியை அடிப்பதில்லை. இரவில் வீட்டின் மேல்மாடியில் அவன் இரகசியமாக விளக்கேற்றி நகை தேடும்போது, கீழே அவள் அறையில் காஸ் விளக்கு மங்குகிறது. விளக்கு மங்குகிறதே என்பாள். அப்படி ஒன்றுமில்லை, உனக்குப் புத்தி பேதலிக்கிறது என்பான். கடைசியில் அவள் தன் கண்ணையே சந்தேகிக்கிறாள். அந்தப் படத்தின் பெயரே இன்று உலகம் முழுவதும் அந்தக் கொடுமைக்குப் பெயராகிவிட்டது. ஒரு படம் ஒரு சொல்லைக் கொடுத்தது. பெயர் தெரியாமல் தவித்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். சினிமாவால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதுவே போதும்.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழிலேயே 1977-இல் பாலசந்தர் ‘அவர்கள்’ எடுத்தார். சந்தேகத்தாலும் பேச்சாலும் மனைவியைச் சித்திரவதை செய்யும் கணவனாக ரஜினிகாந்த், அனுவாக சுஜாதா. அந்தப் படத்தில் கணவனைப் பெற்ற தாயே மருமகள் பக்கம் நிற்கிறாள். மகன் செய்வதை மகன் என்பதற்காக மூடி மறைக்காத ஒரு மாமியாரைத் தமிழ்த் திரையில் அதற்குப் பிறகு எத்தனை முறை பார்த்தோம்?

நாம் பார்த்தது வேறு. 1972-இல் ‘பட்டிக்காடா பட்டணமா’. படித்த திமிர் பிடித்த பெண்டாட்டியை அடக்கி வழிக்குக் கொண்டுவரும் புருஷன், வெற்றிமேல் வெற்றி. 1992-இல் ‘மன்னன்’. ஆலை முதலாளியான பெண், தொழிலாளித் தலைவனைக் கட்டிக்கொண்டு, கடைசியில் ஆலையை விட்டு அடுக்களைக்குப் போனால்தான் கதை சுபம். அவள் கன்னத்தில் அறை விழுந்தபோது நாம் பள்ளிச் சிறுவர்கள். பெஞ்சுமேல் ஏறி விசிலடித்தோம். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை அன்று நாம் திரும்பிப் பார்க்கவில்லை. நம் சங்கமும் விழாதோறும் இந்த ரகப் படங்களைத்தானே வாடகைத் திரை கட்டிக் காட்டியிருக்கிறது! அப்போது யாரும் “குடும்ப விஷயத்தை மேடைக்குக் கொண்டு வராதே” என்று சொல்லவில்லையே. பெண்ணை அடக்குவது காட்டினால் பொழுதுபோக்கு, அடங்கியவள் எழுந்தால் மட்டும் குடும்பம் கெட்டுவிடுமா?

இனி இரண்டாமவருக்கு. மலையாளத்துக்காரர் வீட்டுக் கதை என்றாரே, அந்தக் கதையைப் பார்ப்போம். ஜியோ பேபி இயக்கிய ‘தி கிரேட் இண்டியன் கிச்சன்’ 2021 ஜனவரியில் வெளிவந்தது. பெரிய நிறுவனங்கள் வாங்க மறுத்து, ‘நீஸ்ட்ரீம்’ என்ற சிறிய மலையாளத் தளத்தில்தான் முதலில் வந்தது. பிறகு ஊரெல்லாம் அதே பேச்சு. கேரள அரசு 2020-ஆம் ஆண்டின் சிறந்த படம் என்று அதற்கே விருது கொடுத்தது. 2023 பிப்ரவரியில் கண்ணன் இயக்கத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழிலும் வந்தது. மலையாளப் படத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பெயரே கிடையாது. அந்த வீட்டில் யாரும் கத்துவதில்லை. மாமனார் மிக மரியாதையாகப் பேசுகிறார். சோறு மட்டும் குக்கரில் வேண்டாம், விறகடுப்பில் வைத்தால் நல்லது. துணியை மிஷினில் போடாதே அம்மா. வேலைக்குப் போகவேண்டாம் மகளே. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது, ஆள் கூப்பிடச் சொல்லி நாள்தோறும் கேட்கிறாள், கணவன் மறந்துபோகிறான். அந்த அழுக்குத் தண்ணீரைக் கையால் அள்ளுவது அவள். உணவகத்தில், வீட்டில் மேசை முழுக்க எச்சில் துப்புகிற நீங்கள் இங்கே இவ்வளவு சுத்தமாகச் சாப்பிடுகிறீர்களே என்று சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டாள். அதற்கு மன்னிப்புக் கேட்க வைக்கிறான். அவன் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்குக் குடும்பம் என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறவன்!

இது நம் வீட்டில் கிடையாதாம். தேசிய குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரை எடுத்த கணக்கைச் சொல்கிறோம்: மணமான பெண்களில் கணவனால் வன்முறைக்கு ஆளானோம் என்று சொன்னவர்கள் கேரளத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். மலையாளத்துக்காரரைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது. அவர்களும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம்; அதே ஆய்வில், சில காரணங்களுக்காகக் கணவன் அடித்தால் நியாயம்தான் என்று கேரளத்துப் பெண்களிலேயே நூற்றுக்கு 52 பேர் சொன்னார்கள். அடியையே நியாயம் என்று நினைக்கிற மனம், அடியில்லாத கொடுமையை எப்படிக் கொடுமை என்று காணும்?

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டாமவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. அந்தப் படத்து வீடு முற்றமும் தூணும் உள்ள வீடு. நம்முடையது ஓடு ஒழுகும் வாடகை வீடு. நம் பெண்கள் அந்த மருமகளின் இடத்தில் இல்லை; அதே வீட்டுக்கு வேலைக்கு வருகிறாளே ஒருத்தி, அவளுடைய இடத்தில் இருக்கிறார்கள். மாதவிலக்கு நாளில் ஒதுங்கி உட்கார அவளுக்குக் கட்டுப்படியாகாது, கூலி போய்விடும். அங்கே அடுப்படி முடித்து, வீட்டுக்கு வந்து இங்கே அடுப்படி. அவளைப் பற்றிய படம் இன்னும் வரவில்லை. வரட்டும், கேட்போம், அதுவரை கையிலிருப்பதைக் காட்டுவதில் என்ன தவறு?

மலையாளத்தில் வேறு படங்களும் உண்டு. 2019-இல் வந்த ‘உயரே’யில் காதலன் அவள் என்ன உடுத்தவேண்டும், யாரோடு பேசவேண்டும் என்று தீர்மானிக்கிறான், விலகினால் செத்துப்போவேன் என்கிறான், முடிவு ஆசிட். ஆசிட்டைப் பார்த்துத் திடுக்கிடுகிறவர்கள், அதற்கு முந்தைய அரைமணி நேரத்தைத்தான் கவனித்துப் பார்க்கவேண்டும். “அவன் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான்” என்று நம் பெண்பிள்ளைகளிடம் தோழிகள் சொல்வது அந்த அரைமணி நேரத்தைத்தான். அதே ஆண்டு ‘கும்பளங்கி நைட்ஸ்’. பகத் பாசிலின் ஷம்மி தலை வாரி, மீசை திருத்தி, சிரித்த முகமாக, வீட்டுப் பெண்களிடம் மெல்லிய குரலில் பேசுகிறவன். பார்க்கும் நமக்கு வயிறு கலங்குகிறது.

இதைச் சொல்லும்போது சினிமாக்காரர்களுக்கு மாலை போட்டு வணங்கச் சொல்கிறோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டை ஆராய 2017-இல் அரசு நீதிபதி ஹேமா குழுவை அமைத்தது. 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். நாலரை ஆண்டுக்கு மேல் அது அலமாரியில் தூங்கி, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அந்த வீட்டிலும் அழுக்குத் தண்ணீர் வாளி இருக்கிறது! ஆகவே படத்தை எடுத்துக்கொள்வோம், எடுத்தவர்களைத் தலையில் தூக்கவேண்டாம்.

படத்தைச் சங்கங்கள் காட்டுவதும் புது வழக்கமல்ல. இந்தத் திருவனந்தபுரத்தில்தான் 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ எடுத்த அதே ஜான் ஆபிரகாம், மக்களிடம் காசு வசூலித்து 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். ஒடேசா தோழர்கள் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் உலகப் படங்களைப் பார்க்க இந்த நகரம் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. கைரளி தியேட்டர் வாசலில் அந்த வரிசைக்கு டீ ஊற்றிக் கொடுப்பவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருநாள் நாமும் பார்த்தால் என்ன?

சாலைப் பெரியவரின் கேள்வி மிச்சம் இருக்கிறது. பெண்களைத் தூண்டி விடுகிறோமாம். அவருக்கு ஒரு பயம்: பெண்கள் படம் பார்த்துவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள், புருஷன் ஜெயிலுக்குப் போவான், பிள்ளைகள் தெருவில் நிற்கும். பெரியவரே, 2005-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஜெயிலைப் பற்றிப் பேசவில்லை. குடியிருக்கும் வீட்டிலிருந்து அவளை வெளியேற்றாதே, அது வாடகை வீடானாலும் சரி. செலவுக்குப் பணம் கொடு. துன்புறுத்தாதே என்று மாஜிஸ்டிரேட் உத்தரவு போடுவார். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் தண்டனை. நம்மைப் போன்ற பிழைக்க வந்தவர்களுக்கு முக்கியமான வரி அதில் இன்னொன்று: அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுக் கொடுக்கலாம். ரேஷன் அட்டை தென்காசியில் இருக்கிறதே, கல்யாணம் சாத்தூரில் நடந்ததே என்று ஊருக்கு ஓடவேண்டியதில்லை. வக்கீல் செலவுக்கும் பயப்படவேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. 181 என்ற எண்ணுக்கு இரவிலும் பேசலாம். இவ்வளவையும் அந்த டிக்கெட் சன்னலில் நாம் சொல்லியிருக்கலாம். அன்று நமக்கே தெரியாது.

படம் பார்த்ததற்காகவே அன்றிரவு ஒருத்திக்கு வீட்டில் ஏச்சு விழலாம். ஆகவேதான் குடும்பத்தோடு பார்க்கும் விழாவில் வைக்கச் சொல்கிறோம். பெண்களுக்கு மட்டும் தனிக்காட்சி என்றால் யார் மனைவியை அனுப்பி வைப்பார்கள்? பேசும்போது தன் வீட்டுக் கதையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. படத்தில் வருகிறவளைப் பற்றிப் பேசினால் போதும். திருட்டுப் பிரதியைப் பென் டிரைவில் கொண்டு வருவதும் கூடாது. அனுமதி வாங்கிக் காட்டுவோம், அதற்கு ஆகும் பணத்தை நாங்கள் வசூலித்துத் தருகிறோம்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். கோரிக்கையைத் தயாரித்துக்கொண்டிருந்த இரவில், மனைவியின் ஏடிஎம் அட்டை எங்கே என்று பிள்ளை கேட்டான், பள்ளிக்கூடத்தில் ஏதோ கட்டவேண்டுமாம். அது நம் சட்டைப் பையில் இருந்தது. எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறது என்று யோசித்தோம். “பத்திரமா இருக்கட்டும்னுதான” என்றோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டினாள், கொடுத்தோம். அந்தக் கையை அவள் ஏன் இத்தனை நாள் நீட்டவில்லை என்று கேட்க நமக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த செயற்குழு கூடும்போது கோரிக்கை மறுபடி வருகிறது. இம்முறை ஓட்டெடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். எதிர்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக எதிர்க்கலாம். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எதிர்க்கட்டும். விழாவன்று டீயும் சுண்டலும் ஆண்கள் பொறுப்பு. பெயர் கொடுத்திருப்பவர்கள் இதுவரை நான்கு பேர். பாத்திரம் கழுவ இன்னும் இரண்டு பேர் வேண்டும்.